தபால் அண்ணாச்சியும் எழுபத்திரண்டு வாக்குத்தத்தங்களும்

மூணாறு மலையில் ஆண்டவருக்கு அப்படியே கீழ்ப்படிந்தவர்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தால், முதல் பெயர் எங்கள் தபால் அண்ணாச்சியுடையதாகத்தான் இருக்கும். அந்தக் கீழ்ப்படிதலால் சேதமடைந்தவர்கள் என்று இன்னொரு பட்டியல் எடுத்தால், அதில் ஒரு எஸ்டேட் முழுவதும் இருக்கும். சேதத்தில் பாதிக்கு நான் பொறுப்பு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் மறைத்தேன் என்று நினைப்பீர்கள்.

நான் வடகரப்பதி என்கிற ஊர்க்காரி. ஆசிரியர் பயிற்சி முடித்தவள். வேலை கிடைப்பதற்குள் மாப்பிள்ளை கிடைத்துவிட்டதால், மறையூர் போகிற சாலையிலிருந்து பிரிந்து மேலே ஏறும் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தேன். என் கணவர் அங்கே ஆபீஸ் கிளார்க். பஸ் கிடையாது. வெளியுலகம் என்று ஒன்று இருப்பதற்கு ஒரே அத்தாட்சி தபால் அண்ணாச்சிதான். வாரத்தில் ஆறு நாள் காக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏழு மைல் இறங்கிப் போவார். டவுன் போஸ்டாபீசில் எஸ்டேட் தபாலை வாங்கிக்கொண்டு ஏழு மைல் ஏறி வருவார். ஐம்பதை நெருங்கும் வயது. கல்யாணம் ஆகவில்லை. வலது முழங்கால் மழைக்காலத்தில் மடங்காது. எஸ்டேட் மேனேஜர் துரையின் பங்களாவுக்கு இங்கிலீஷ் பேப்பர், தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குத் திருநெல்வேலிக் கடிதங்கள், எனக்குக் குழந்தையின் இருமல் மருந்து எல்லாம் அந்தப் பையில்தான் வரும். மருந்துப் புட்டியை வாங்கி நான் நான்கு தடவை முகர்ந்து பார்க்கும்வரை பொறுமையாக நிற்பார்.

அவருக்கு ஒரே ஒரு கவலை. இளவயதில் மூணாறில் நடந்த ஒரு கன்வென்ஷனுக்குப் போயிருக்கிறார். பிரசங்கியார் பந்தல் அதிரச் சொல்லியிருக்கிறார்: ஒவ்வொருவருக்கும் ஆண்டவர் ஓர் அழைப்பு வைத்திருக்கிறார், அதைக் கண்டுபிடிக்காமல் செத்துப்போவதுபோல் ஒரு நஷ்டம் கிடையாது. பிரசங்கியார் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அண்ணாச்சி அன்றிலிருந்து தொலைந்த சாவியைத் தேடுகிறவர்போல் தம் அழைப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அண்ணாச்சி, இந்தத் தபால் வேலைதான் உங்க அழைப்போ என்னமோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இது வேலலா தாயி! வேல மாட்டுக்கும்தான் இருக்கு. மாட்ட ஆண்டவர் அழைச்சாரா?"

மாட்டைப் பற்றி அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

இந்தத் தேடலுக்கு அவர் நம்பியிருந்தது புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையை. எங்கள் சபைகளில் இது வழக்கம். ஓர் அட்டைக்கு ஒரு வசனம் என்று எழுதித் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் போய், கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுப்பார். அந்த வருஷத்துக்கு அந்த வீட்டுக்கு ஆண்டவர் தந்த வார்த்தை அதுதான். கீழே ஊர்களில் இது நடுராத்திரி ஆராதனையில் நடக்கும். எங்கள் எஸ்டேட்டில் ராத்திரி கோயிலுக்குப் போகிற வழியில் யானை நிற்கும் என்பதால் காலை ஒன்பது மணிக்கு.

மற்றவர்கள் அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் செருகிவிட்டு மறந்துபோவார்கள். அண்ணாச்சி மட்டும் அதை உத்தரவாக எடுத்துக்கொள்வார். துரை ஆபீசிலிருந்து வருகிற சர்க்குலர் மாதிரி. வந்தால் அமல்படுத்த வேண்டும்.

அந்த அட்டைகளை எழுதுகிற பொறுப்பு, கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக, நான் போன முதல் வருஷமே என் தலையில் விழுந்தது. எங்கள் கோயிலில் ஆராதனை நடத்துகிற உபதேசியார் ஒரு பழைய நோட்டில் வசனங்களைக் குறித்துக் கொடுத்தார். எங்கள் சபையில் எழுபத்திரண்டு வீடு. எழுபத்திரண்டையும் பிழையில்லாமல் எழுதி, மூன்று முறை சரிபார்த்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம் அண்ணாச்சிக்கு மேய்ப்பனைப் பற்றிய அட்டை வந்தது.

பொங்கலுக்குள் மறையூரிலிருந்து மூன்று ஆடு பிடித்து வந்துவிட்டார். தபாலோடு ஆடுகளும் ஏழு மைல் இறங்கி ஏழு மைல் ஏறின. துரை வீட்டம்மா மூன்று வருஷம் வளர்த்த டாலியாச் செடிகளை அவை மூன்று நிமிஷத்தில் முடித்தன. துரை ஓடிவந்து பார்த்தபோது ஓர் ஆட்டின் வாயில் பாதிக் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது என்ன?" என்றார் துரை.

"கம்பெனி சர்க்குலர்தான் தொர. மனுசங்க எழுதுன கடுதாசி ஒண்ணக்கூட அது தொடல. நல்ல ஆடு."

ஆடுகள் மறையூருக்கே திரும்பிப் போயின. அழைப்பு அதுவல்ல என்று அண்ணாச்சி முடிவுக்கு வந்தார்.

அடுத்த வருஷம் காவற்காரனைப் பற்றிய அட்டை. வரப்போகும் ஆபத்தை ஜனங்களுக்குச் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்கிற வசனம். அண்ணாச்சி தபால் வாங்கப் போகிற வழியில் மறையூர் பஸ்ஸை நடுரோட்டில் மறித்து, இரண்டு கையையும் தூக்கி, "ஆயத்தமாகுங்க! சமயம் இல்ல! இப்பவே ஆயத்தமாகுங்க!" என்று கத்தினார். அது ஆனி மாதம், நல்ல மழை. பஸ்ஸில் இருந்தவர்கள் முன்னால் மலை சரிந்துவிட்டது என்று நினைத்து, மூட்டை முடிச்சு, கோழி, வெல்லச் சிப்பம் எல்லாவற்றோடும் இறங்கி வந்த வழியே ஓட ஆரம்பித்தார்கள். கண்டக்டர் மலையாளி. விசிலை ஊதிக்கொண்டே கேட்டாராம், "எவிடெயாடோ மண்ணிடிஞ்ஞது?"

"மண்ணு எங்கயும் இடியல சார். நான் மனச சொல்லுதேன்."

அந்த வழியாகப் போன பஸ்ஸெல்லாம் அவரைக் கண்டால் அதன்பிறகு வேகம் எடுத்தன.

மூன்றாவது வருஷம் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எழுதுகிறவள் நான். நான் எழுதுவதை அவர் செய்கிறார். அப்படியானால் ஆட்டுக்கும் பஸ்ஸுக்கும் யார் பொறுப்பு? உபதேசியாரிடம் கெஞ்சி, ஆபத்தில்லாத வசனங்களாக நானே பொறுக்கினேன். ஆடு மாடு இல்லை, சத்தம் இல்லை, நெருப்பு இல்லை. நீங்கள் உப்பாக இருக்கிறீர்கள் என்கிற வசனத்தை எழுதும்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. உப்பை வைத்து ஒரு மனிதர் என்ன செய்துவிட முடியும்?

தபால் பையில் போட்டுக் கொண்டுவந்தார். வீட்டுக்கு வீடு கடிதத்தோடு ஒரு பிடி உப்பு. மலை ஈரத்தில் உப்பு கசிந்தது. பை ஊறியது. அந்த மாதம் எஸ்டேட்டுக்கு வந்த கடிதங்களில் எல்லாம் மை கரைந்து நீலக் குளம் குளமாக நின்றது. பெரிய கங்காணி தன் மகளின் போட்டோவை மூன்று இடங்களுக்கு அனுப்பியிருந்தார். வந்த பதிலில் பெண் பிடித்திருக்கிறது, தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்பது வரை தெளிவு. எழுதியது யார், எந்த ஊர் என்பது உப்போடு போய்விட்டது.

"என்னவே இது? மூணுல எவன்வே சம்மதிச்சிருக்கான்?" என்று கங்காணி கடிதத்தை வெயிலில் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"கவலப்படாதீயும். மூணு பேருக்கும் சரின்னு எழுதிப் போடும். சம்மதிச்சவன் ஒருத்தன்தான வருவான்?"

இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வாசலில் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு இரண்டும் திரும்பிப் போயின. கங்காணியின் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

இவ்வளவும் சிரிக்கிற சங்கதிதான். சிரிக்க முடியாத சங்கதி நான்காவது வருஷம் கார்த்திகையில் வந்தது. அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். நான் அவளுக்குத் தண்ணீரை இரண்டாம் முறை கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வாசலில் நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ராஜினாமாக் கடிதம். தேதி மட்டும் எழுதவில்லை.

"இருவத்திரண்டு வருசம் ஆயிட்டு தாயி. இனியும் தேடிட்டே இருந்தா காலம் போயிரும். வர்ற புத்தாண்டு அட்டைய எடுத்ததும் தேதி போட்டுக் குடுத்துட்டுக் கெளம்பிருவேன்."

"எங்கீங்க போவீங்க?"

"அதயும் அட்டதான சொல்லும்?"

என் கணவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து கையைக்கூடக் கழுவாமல் வந்தார். "அண்ணாச்சி, நல்லாக் கேளும். வேலய விட்டா லயத்து வீட்டயும் விடணும். ஒரு மாசம்தான் டயம். கீழ ஒமக்கு ஆரு இருக்கா? அந்தக் கால வச்சிட்டு எங்க போயி நிப்பீரு?"

"ஆண்டவருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அவர் நொண்டிக்கொண்டே போனார்.

நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். போ, புறப்படு, எழுந்திரு, நீ போகும் வழியில் உன்னோடிருப்பேன் என்று முப்பது வசனத்துக்கு மேல் மனிதனை வீட்டை விட்டுக் கிளப்புகிற வசனங்கள். அவற்றை எடுத்துவிட்டாலும் மிச்சமிருப்பவை லேசில்லை. மலையைப் பற்றி வந்தால் மலையேறுவார். கடலைப் பற்றி வந்தால் கொச்சிக்குப் போவார். புல்லுள்ள இடத்தில் இளைப்பாறச் சொன்னால் அந்த இடத்தைத் தேடிக்கொண்டு தமிழ்நாடு முழுக்க நடப்பார்.

அவரை அசைய விடாத வசனம் ஒன்றே ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. அவரவர் எந்த நிலையில் அழைக்கப்பட்டாரோ அந்த நிலையிலேயே நிலைத்திருக்கட்டும் என்று வருமே, அது. ஆனால் எழுபத்திரண்டில் அந்த ஓர் அட்டை அவர் கையில் எப்படி வரும்? கண்ணை மூடிக்கொண்டல்லவா எடுப்பார்!

ஆகவே எழுபத்திரண்டிலும் அதையே எழுதினேன்.

சட்டென்று எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முதல் அட்டைக்கு முன் இரண்டு நாள் யோசித்தேன். இது ஆண்டவர் வேலையில் கை வைப்பதல்லவா? வைக்காமல் ஒரு மனிதர் தெருவில் நின்றால் அது யார் கணக்கில் சேரும்? பன்னிரண்டாம் அட்டையில் நிறுத்தினேன். மறுபடி தொடங்கினேன். நாற்பதாவது அட்டையைக் குழந்தை பாதி தின்றுவிட்டாள். மை விஷமோ என்று அவள் நாக்கைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகு அந்த ஒன்றையும் திரும்ப எழுதினேன். அவரவர் தம் அட்டையை வீட்டுக்கு எடுத்துப் போய்த்தான் படிப்பார்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

புத்தாண்டுக் காலையில் உபதேசியார் எழுந்து, "இந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு" என்றார். "அட்டைய எடுத்தவங்க அங்கனயே நின்னு எல்லாருக்கும் சத்தமா வாசிக்கணும். சபை பெலப்படும்."

குழந்தையைக் கிள்ளி அழவைத்து வெளியே போய்விடலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை.

முதலில் பெரிய கங்காணி. உப்புச் சம்பவத்துக்குப் பிறகு மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. இந்த வருஷமாவது என்று எடுத்தார். வாசித்தார். இருக்கிற நிலையிலேயே இரு. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்து ஃபாக்டரி டிரைவர். பத்து வருஷமாகப் பிரமோஷன் கேட்டுக்கொண்டிருப்பவர். அதே வசனம். "ஆண்டவரும் மேனேஜ்மென்ட் பக்கம்தான் போலிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மூன்றாவதாக வந்தவள் கொழுந்து கிள்ளும் பெண் ஒருத்தி. நாள் தாண்டி ஒரு வாரம் ஆகியும் பிரசவமாகாமல், வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். வாசித்து முடித்ததும் அலறினாள். "எய்யா உபதேசியாரே, எனக்கு இது வேண்டாம்! இதே நெலயில எப்படி நிக்க? வேற அட்ட குடுங்க!"

வேறு கொடுத்தார்கள். அதுவும் அதுதான்.

இப்போது ஆளாளுக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். உபதேசியார் தமக்கு ஒன்றை எடுத்தார். டவுன் சபைக்கு மாற்றல் கேட்டு மூன்று மனு எழுதியிருந்தவர் அவர். வாசித்தார். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

மற்ற வீடுகளுக்கும் அதே வசனம் வந்து, கடைசியில் அண்ணாச்சி முறை வந்தது. எடுத்தார். வாசித்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"எல்லாருக்கும் ஒரே வார்த்த! என் சென்மத்துல இப்படி ஒரு அற்புதத்தக் கண்டதில்ல!"

அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அவர் முடிக்கவில்லை.

"ஆனா பாருங்க. அழைக்கப்பட்ட நெலயில நிலைச்சிருன்னு போட்டிருக்கு. என்ன இன்னும் அழைக்கவே இல்லியே! மொதல்ல போயி அந்த அழைப்ப வாங்கணும். பெறவுல்லா அதுல நிலைக்க முடியும்?" என்று சட்டைப்பையிலிருந்து ராஜினாமாக் கடிதத்தை எடுத்தார். "கிளார்க்கையா, பேனா இருந்தாக் குடுங்க. தேதி போடணும்."

என் கணவர் பேனா இருந்த சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ ஒரு பேனாவை நீட்டினார்கள். எங்கும் உதவி செய்கிற ஜனங்கள் இருக்கிறார்கள்.

நான் பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து எழுந்துவிட்டேன். இடுப்பில் குழந்தை.

"அதுல தேதி போடாதீங்க அண்ணாச்சி. இது அற்புதம் இல்லீங்க. நானுங்க. எழுவத்திரண்டுலயும் நாந்தானுங்க ஒரே வசனத்தை எழுதினேன். நீங்க போயிரக்கூடாதுன்னு எழுதினேனுங்க."

சபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"ஏம்மா, அவரு ஒருத்தர நிறுத்தறதுக்கு எங்க எல்லாரயும் நிறுத்திப்புட்டியே!" என்றார் கங்காணி. "நான் பயந்துபோயிட்டேனே!" என்று அந்தக் கர்ப்பிணிப் பெண் அழுதாள். உபதேசியார் வேறு வழி தெரியாமல் ஒரு ஞானப்பாட்டை, யாராலும் எட்ட முடியாத சுருதியில் ஆரம்பித்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே அண்ணாச்சி என்னைப் பார்த்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் தபால் வந்தது. ஆபீஸ் வாசலில் பையை இறக்கிவிட்டுப் போனாராம். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. "ராஜினாமா வந்துச்சுங்களா?" என்று கணவரிடம் மத்தியானமும் சாயங்காலமும் கேட்டேன். "வரல. நாளைக்கு வரும்னு நெனைக்கேன்" என்றார் அவர். ஒரு மனிதரின் வீட்டைக் காப்பாற்றப் போய் அவருடைய விசுவாசத்தை இடித்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் பால் குறைந்துவிடுமோ என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

நான்காம் நாள் அவர் வந்தார். பையிலிருந்து, தபால் கட்டுகிற சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டை எடுத்துக் காட்டினார். அத்தனையும் என் அட்டைகள்.

"வீடு வீடாப் போயி வாங்கிட்டு வந்துட்டேன். ஒண்ணு கொறையுது. அந்தப் பிள்ள கிழிச்சுப் போட்டுட்டு அன்னிக்கே சாயந்திரம் பெத்துட்டாளாம். ஆம்பளப் பிள்ள."

"எதுக்குங்க அண்ணாச்சி வாங்கினீங்க?"

அவர் கட்டைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் ஆட்டினார். "இதெல்லாம் எனக்கு எழுதுனதுதான தாயி?"

"ஆமாங்க."

"அப்ப இது என் தபாலுலா? ஒருத்தர் தபால இன்னொருத்தருக்குக் குடுக்கப்படாது. அதான் திருப்பி வாங்குனேன்." கட்டைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இருவத்திரண்டு வருசத்துல எத்தன ஆயிரம் கடுதாசி தூக்கியிருப்பேன். என் பேருக்குன்னு ஒண்ணும் வந்ததில்ல. வந்தா ஒரேயடியா எழுவத்திரண்டு."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த ராஜினாமாக் கடுதாசி?"

"தேதி இல்லாத கடுதாசிய நான் டெலிவரி பண்ண மாட்டேன்" என்றார் விறைப்பாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் அழைப்பு என்னன்னு இன்னும் தெரியல தாயி. இப்பவும் தெரியல. ஆனா நாளைக்குத் தபால் இருக்கு."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அட்டை எழுதும் பொறுப்பிலிருந்து சபை என்னை ஏகமனதாக விடுவித்தது. அடுத்த வருஷம் அச்சடித்த அட்டைகள் வந்தன. அண்ணாச்சிக்குப் பாறையின்மேல் வீடு கட்டுவதைப் பற்றி வந்ததாகவும், துரை அனுமதிக்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். கேள்விதான் பட்டேன். அதற்குள் கணவருக்கு வண்டன்மேடு பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை கிடைத்து நாங்கள் வந்துவிட்டோம்.

இப்போதும் சில நாள், இரண்டாவது குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கும்போது, அவரை ஆண்டவர் உண்மையிலேயே எங்கோ கூப்பிட்டிருந்து நான் குறுக்கே விழுந்துவிட்டேனோ என்று தோன்றும். மாதம் ஒரு கடிதம் மட்டும் அவருக்குப் போடுகிறேன். அதில் வசனம் எதுவும் எழுதுவதில்லை. எழுதினால் செய்துவிடுவார். முழங்கால் எப்படி இருக்கிறது, மழைக்குக் கம்பளி இருக்கிறதா, பெரியவளுக்குப் பல் விழுந்திருக்கிறது, இவ்வளவுதான். முதல் கடிதத்தின் உறையை எழுத உட்கார்ந்தபோதுதான் அவர் பெயரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை என்று உறைத்தது. எஸ்டேட் பெயரைப் போட்டு, அதற்கு மேலே 'தபால் அண்ணாச்சி' என்று எழுதி அனுப்பினேன். இன்றுவரை அப்படித்தான் அனுப்புகிறேன். உலகத்தில் எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற நான், அந்தக் கடிதம் போய்ச் சேருமா என்று மட்டும் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.